கொடிமரத்தடியில் ஒரு டிரம்

ஒரு பொருளின் விலையை இறக்குவதற்காக அரை நாளைச் செலவழிக்கிற மனிதர்களை எந்தச் சந்தையிலும் பார்க்கலாம். வாங்கப்போகிற பொருளுக்குத் தானே விலையை ஏற்றி, ஏற்றியதை நாலு பேரிடம் பெருமையாகவும் சொல்லி, அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் மே மாதம் முதல் தேதி சூசையப்பர்குடிகாட்டுக்கு வர வேண்டும். வரதராஜன்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே போகிற செம்மண் சாலையில் நடந்தால் போதும். அன்றைக்கு வழி கேட்கத் தேவையில்லை. ஸ்பீக்கர் சத்தமே கையைப் பிடித்துக் கூட்டிப்போகும்.

காலைப் பூசை முடிந்ததும் நேர்ச்சை ஏலம். தோப்பில் முதலில் பழுத்த பலா, புதிதாக முட்டையிடத் தொடங்கிய கோழி, ஒரு பை உப்பு என்று யார் எதைச் சூசையப்பருக்கு நேர்ந்துகொண்டார்களோ அதற்கு ஒரு மாலையைப் போட்டுக் கொடிமரத்தடியில் வைத்துவிடுவார்கள். கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற உப்பு அங்கே ஆயிரத்துக்குப் போகும். எடுத்தவன் ஏமாளி அல்ல. வருஷம் முழுக்க அவன் வீட்டுக் குழம்பில் உப்பு குறைந்தாலும் பெருமை குறையாது.

ஏலம் விடுகிறவர் மரியசூசை. எழுபதைத் தாண்டிய ஆள். மைக் வைத்தால் தன் தொண்டையை அவமானப்படுத்துவதாக நினைப்பார். அவரிடம் இருப்பது ஒரே சட்டம். கொடிமரத்தடியில் என்ன இருந்தாலும் அது சூசையப்பருடையது, அதை ஏலம் விட்டே தீர வேண்டும். 'ஒரு தரம்' என்று வாயிலிருந்து வந்துவிட்டால் விட்டவரும் பின்வாங்க முடியாது, கேட்டவரும் பின்வாங்க முடியாது. சாயங்காலம் கொடி இறக்குவதற்குள் பணம் பெட்டியில் விழ வேண்டும். ஒரு வருஷம் கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் தன் சைக்கிளைக் கொடிமரத்தில் சாய்த்துவிட்டுக் கை கழுவப் போனார். திரும்பி வந்தபோது சைக்கிள் இரண்டாம் தரத்தில் இருந்தது. தன் சைக்கிளைத் தானே ஏலத்தில் எடுத்து, வியர்வையோடு மிதித்துக்கொண்டு வீடு போனார் மனிதர். சட்டம் என்றால் அப்படி.

இந்த வருஷம் அந்தக் கொடிமரத்தடியில் ஓர் ஆவி டிரம் போய் உட்கார்ந்தது. கல்யாணப் பந்தி அண்டா மாதிரி பளபளவென்று, கழுத்தில் சம்பங்கி மாலையோடு.

அந்த டிரம்மின் கதையைச் சொல்ல ஆனி ரோஸின் விரல்களிலிருந்து தொடங்க வேண்டும். அவள் பதினாலு வருஷம் குருநாதனின் கொட்டகையில் முந்திரிக்கொட்டை உடைத்தவள். ஜெயங்கொண்டம் சாலையில் இருக்கிறது அந்தக் கொட்டகை. வறுசட்டியில் கொட்டையைப் புகையப் புகைய வறுத்துக் கொட்டுவார்கள். பெண்கள் சாம்பலில் கையைத் தோய்த்துக்கொண்டு கட்டையால் தட்டிப் பருப்பை எடுப்பார்கள். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்ட இடத்தில் தோல் உரியும். புதுத்தோல் வரும், அதுவும் உரியும். ஆனியின் விரல்களில் ரேகை என்று ஒன்று இல்லாமலே போய்விட்டது. ரேஷன் கடை மிஷினில் விரலை வைத்தால் அப்படி ஓர் ஆளே கிடையாது என்று அது திருப்பி அனுப்பும். மகள் சுகன்யா மேரி வந்து விரலை வைத்தால்தான் வீட்டுக்கு அரிசி.

சுகன்யா பன்னிரண்டாவது பரீட்சை எழுதியிருந்தாள். ஜூனில் அரியலூர் காலேஜில் பி.காம். சேர வேண்டும். "பொண்ணு சும்மாதான இருக்கு, அதையும் அனுப்பி வையேன். ரெண்டு கூலியா போவும்ல" என்று குருநாதன் இரண்டு தடவை சொல்லியிருந்தார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. காலியாகக் கிடக்கிற கோணியைப் பார்த்தால் நிரப்பச் சொல்லுகிற மனசு அவருக்கு. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்த ஆனி, மகளின் கையை விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டு, "இவ ரேகையாவது இருக்கட்டும்" என்று புருஷனிடம் சொன்னாள்.

கொட்டையை வறுக்காமல் ஆவியில் வேகவைத்தால் எண்ணெய் ஓட்டுக்குள்ளேயே நின்றுவிடும். ஆற வைத்து, கால்மிதி மிஷினில் கீறினால் பருப்பும் முழுசு, கையும் முழுசு. பண்ருட்டிப் பக்கம் நடந்த ஒரு பயிற்சிக்கு ஆனியும் அவள் சிநேகிதி சாந்தி மேரியும் போய் இதைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். கூடவே சுகன்யாவும் போய் டிரம்மின் அழுத்த முள்ளைப் பார்க்கப் பழகிக்கொண்டாள். கற்றதெல்லாம் சரி. டிரம்முக்கு எங்கே போவது என்ற கேள்வி பங்குக் கூட்டத்துக்கு வந்தது. பங்குச்சாமி செபஸ்டின் கையை விரித்தார். கோயில் கூரைக்கே அவர் மூன்று வருஷமாக ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

சாந்தி மேரிதான் எழுந்தாள். "சாமி, ஒலை வைக்கிறப்ப கோயிலுக்குன்னு ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கிறோம்ல. கொட்ட பொறுக்குறப்பவும் ஒரு பிடி எடுத்து வச்சா என்னா, கொறஞ்சா போயிருவோம்?"

அப்படிப் பிறந்தது பிடிக்கொட்டை. தோப்பிலிருந்து வந்ததும் வீட்டுக்கு வீடு ஒரு பிடி கொட்டை பானையில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை பெண்பிள்ளைகள் தள்ளுவண்டியோடு தெருத்தெருவாகப் போனார்கள். கஞ்சர்கள் இல்லாத ஊரா? ஒரு வீட்டில் பிடி அள்ளுவதற்கென்றே இரண்டு வயசுப் பேத்தியைக் கூப்பிட்டார்கள். அந்தக் குழந்தையோ அள்ளின ருசியில் பானையை விட்டு நகரமாட்டேன் என்று ஆறேழு பிடி அள்ளிப் போட்டது. மாரியம்மன் கோயில் தெருக்காரர்கள், "சூசையப்பருக்கு மட்டுந்தான் குடுப்பீங்களா, எங்க பானைய எடுக்க மாட்டீங்களா?" என்று கோபித்துக்கொண்டார்கள். வண்டி அங்கேயும் போனது. ஒரு மரம்கூட இல்லாத பஸ் கண்டக்டர் அழகேசன் கடையில் கொட்டை வாங்கிப் பிடி போட்டான். 'என்னய்யா இது' என்று கேட்டவர்களுக்கு, "எம்பொண்ணும் நாளைக்கு அங்கதான வேலைக்குப் போவும்" என்றான்.

பிடி பிடியாகச் சேர்ந்ததை விற்றுத்தான் டிரம் வந்தது. கொட்டகைக்குக் கூரையும் கீறும் மிஷின்களும் பாக்கி. அதற்கு இந்த வருஷத் திருவிழா ஏலப் பணம் முழுவதையும் தருவதாகப் பங்குப் பேரவை தீர்மானம் போட்டது. திருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு பெட்டி திறந்து கொடுப்பார்கள். அந்த நம்பிக்கையில் பன்னிரண்டு பெண்கள் குருநாதன் கொட்டகையை விட்டு நின்றார்கள். தோப்புக்காரர்களும் தங்கள் கொட்டையை ஆனியை நம்பி இறக்கிவிட்டார்கள். அவள் வீட்டில் நடக்க இடமில்லை. குடும்பமே மூட்டை மேல் ஏறிப் படுத்துத் தூங்கியது. இந்த டிரம்மில் ஆவி வராமல் போனால் பன்னிரண்டு பேரும் பழைய வறுசட்டிக்குத்தான் தலையைக் குனிந்துகொண்டு திரும்ப வேண்டும். முதலில் குனிய வேண்டியது ஆனியின் தலை, ஏனென்றால் மற்றவர்களைக் கிளப்பிவிட்டவள் அவள்தான்.

டிரம் வந்து இறங்கியது திருவிழாவுக்கு முந்தின நாள். பூசை முடிந்ததும் சாமி மந்திரிப்பார், மறுநாளே அடுப்பு மூட்டலாம் என்று ஏற்பாடு. லோடு ஆட்டோ ஓட்டுகிற ஆனியின் புருஷன் மரிய ஆல்பர்ட்டிடம் ஒரே ஒரு வேலை சொல்லப்பட்டது. திருவிழாக் காலையில் டிரம்மைக் கோயில் பக்கவாசலில் இறக்கி வைக்க வேண்டும். ஆல்பர்ட் பக்கவாசலைப் பார்த்தான். அங்கே செருப்புகள்தான் இருந்தன. முன்வாசலைப் பார்த்தான். அங்கே ஊரே இருந்தது. இத்தனை சனம் வந்திருக்கிற நாளில், பெண்டாட்டி சம்பாதித்த பொருளைச் செருப்புக்கு நடுவில் வைக்கலாமா? கொடிமரத்தடியில் நடுநாயகமாக இறக்கினான். மொட்டையாக இருக்கிறதே என்று கைக்காசைப் போட்டு மாலையும் வாங்கிச் சாத்தினான். பிறகு திருப்தியோடு டீ குடிக்கப் போனான்.

பெண்கள் சமையல் பந்தலில் இருந்தார்கள். செட்டிகுளத்திலிருந்து வந்த சின்ன வெங்காயம் மலையாகக் குவிந்திருந்தது. ஆட்டுக்கறிக் குழம்புக்கு அதை உரித்து மாளவில்லை.

"ஏண்டி ஆனி, நாளைக்கு மொதலாளி அம்மான்னு கூப்புடணுமா ஒன்ன?" என்றாள் சாந்தி மேரி, மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு.

"கூப்புடு. கூலிய கொறச்சுப்புட்டு என்னான்னு கேக்குறேன்."

"ஆமாமா, அந்தாளு கொட்டகைல உக்காந்தவ புத்தி எங்க போவும்."

"வெங்காயத்த பாத்து உரிடி. தோலவிட சதைதான் நெறய போவுது."

கோயில் முற்றத்திலிருந்து மரியசூசையின் குரல் வந்தது. "அடுத்தாப்புல சூசையப்பருக்கு ஒரு அண்டா. யாரு நேந்ததோ தெரியல, நல்லா கனமான அண்டா. மூடி இருக்கு, கொழா இருக்கு, கடியாரம்கூட வச்சிருக்கு. கேளுங்க."

"கடியாரம் வச்ச அண்டாவா?" என்று சிரித்த சாந்தி மேரி, ஆனியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"பத்தாயிரம்" என்றது ஒரு குரல். அந்தக் குரலைப் பதினாலு வருஷம் கேட்டவளுக்கு ஆளைப் பார்க்கத் தேவையில்லை. குருநாதன்.

குருநாதன் ஒவ்வொரு வருஷமும் ஏலத்துக்கு வருவார். சாமி வேறாக இருந்தாலும் தோப்புக்காரர்கள் அவருடைய தோப்புக்காரர்கள். கொடிமரத்தடியில் தாராளமாகக் கேட்டால் தோப்பில் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கலாம் என்பது அவர் கண்ட லாபம். என்ன பொருள் என்று பார்க்காமலே முதல் விலையைச் சொல்லிவிடுவது அவர் வழக்கம்.

"பத்தாயிரம் ஒரு தரம்" என்று மரியசூசை சொன்ன கணத்தில் ஆனி வெங்காயக் கத்தியோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அது வெங்காயத்தால் வந்ததுதான் என்றாலும் யாரும் நம்பவில்லை.

"பெரியப்பா, அது நேர்ச்ச இல்ல. எங்க டிரம்மு. மந்திரிக்க வச்சது."

மரியசூசை மாலையைப் பார்த்தார், கொடிமரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "பாப்பா, ஒரு தரம் சொல்லிட்டேனே."

"அதான் தெரியாம சொல்லிட்டீங்கல்ல."

"தெரிஞ்சு சொன்னா என்னா, தெரியாம சொன்னா என்னா. உபதேசியார் சைக்கிள் தெரிஞ்சா போச்சு?"

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற உபதேசியார் பழைய காயத்தைத் தடவிவிட்டது மாதிரி தலையசைத்தார்.

பூசை உடுப்பைப் பாதி கழற்றிய நிலையில் செபஸ்டின் சாமி ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் குருநாதனிடம் கும்பிட்டார். "குருநாதன், தெரியாம ஒரு தப்பு நடந்துபோச்சு. பத்தாயிரத்துக்கே நீங்க எடுத்துக்கங்க, எடுத்து அந்தப் பொண்ணுங்களுக்கே குடுத்துருங்க. உங்க பேரு நிக்கும்."

குருநாதன் இப்போதுதான் அண்டாவை உற்றுப் பார்த்தார். குழாய், மூடி, முள் காட்டும் வட்டம். அது என்ன என்று புரிந்த மறுநொடியே, இந்த டிரம் தன் கொட்டகைக்குப் போனால் அதன் பின்னாலேயே பன்னிரண்டு ஜோடிக் கைகளும் வந்துவிடும் என்பதும் புரிந்துவிட்டது. வியாபாரத்தில் இப்படி ஒரு சந்தர்ப்பம் மாலை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தால் எவன் எழுந்து போவான்?

"சாமி, சூசையப்பரு குடுக்குறத நான் திருப்பிக் குடுத்தா அவருக்கு மரியாத கெட்டுறாதுங்களா?" என்றார் பவ்யமாக.

அவ்வளவுதான், ஊர் கொதித்தது. ஒருவன் இருபது என்றான், இன்னொருவன் முப்பது என்றான். குருநாதன் நாற்பது என்றார். திருவிழாவுக்குப் புதுத்துணியும் கறியும் வாங்கிய ஊர் அது, நாற்பதுக்கு மேல் யார் சட்டைப் பையிலும் மூச்சில்லை. டீக்கடையிலிருந்து ஓடி வந்த ஆல்பர்ட், நடந்ததைப் புரிந்துகொண்டு, "நாந்தான் சாமி, நாந்தான் வச்சேன்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். திட்டுவதற்குக்கூட யாருக்கும் நேரமில்லை.

"அம்பது" என்றாள் ஆனி.

"ஏய், ஒங்கிட்ட ஏது?" என்றான் ஆல்பர்ட்.

"அறுவது" என்றார் குருநாதன்.

டிரம்மின் கடை விலையே ஏறக்குறைய அதுதான். ஆனி வாயைத் திறக்கவில்லை. அப்போது சுகன்யா மேரி அவள் காதருகில் குனிந்தாள்.

"அம்மா, ஏலப் பணம் பூரா யாருக்கு வருது?"

"நமக்குத்தான். அதுக்கென்ன இப்ப?"

"அவரு எவ்வளவு ஏத்துறாரோ அவ்வளவும் நமக்குத்தானம்மா."

ஆனி மகளைத் திரும்பிப் பார்த்தாள். காலேஜில் இன்னும் சேரவில்லை, அதற்குள்ளேயே பி.காம். வேலை செய்யத் தொடங்கிவிட்டது. "நம்ம தலைல வந்து நின்னுருச்சுன்னா?"

"கொடி எறங்குறதுக்குள்ள கட்டணும். பெட்டி அடுத்த ஞாயிறுதான் தொறப்பாங்க."

"கட்ட முடியலன்னா?"

"ஊருக்கு முன்னாடி பேச்சு மாறுன ஆளுன்னு ஆயிடும். டிரம்மும் அவருக்கே போயிடும். அதான் பாத்து ஏத்தணும்."

ஆனி கத்தியைச் சாந்தி மேரியிடம் கொடுத்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். "எழுவது" என்றாள், மூட்டை எண்ணுகிற குரலில்.

அடுத்து நடந்ததைக் குடிகாட்டில் இன்னும் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூறு என்று போனது விலை. ஊர் வாயைப் பிளந்து நின்றது. நேற்றுவரை கூலிக்கு உட்கார்ந்தவளிடம் தோற்றுப்போனால், நாளைக்கு எந்தத் தோப்பில் போய் விலையை இறுக்குவது என்று குருநாதனுக்குப் பட்டது. "ஒன்னு" என்றார். ஒரு லட்சம்.

ஆனி அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை, காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொட்டகையில் விவசாயிகளோடு விலை பேசும்போது குருநாதனின் வாய் எதையும் காட்டிக்கொடுக்காது. ஆனால் இனிமேல் போதும் என்று மனசில் முடிவெடுத்துவிட்டால், வலது கால் தானாகச் செருப்பைத் தேட ஆரம்பிக்கும். இது அவருக்கே தெரியாது, தரையில் உட்கார்ந்து கொட்டை உடைக்கிறவர்களுக்குத்தான் தெரியும். கோயில் முற்றத்தில் செருப்பில்லை. வெறுங்கால் மணலில் ஊன்றி அசையாமல் இருந்தது.

"ஒன்னு பத்து" என்றாள்.

வலது கால் பெருவிரல் மணலைத் துழாவியது.

செருப்பைத்தான் தேடுகிறது, விலை ஆனியின் தலையில் நிற்கப்போகிறது. "ஒன்னு பத்து, ஒரு தரம்" என்றார் மரியசூசை. விரல் இன்னும் துழாவியது. "ஒன்னு பத்து, ரெண்டு தரம்." சுகன்யா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆல்பர்ட் சூசையப்பர் சுரூபத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தான். தனக்கு என்ன வேண்டும் என்று அவனுக்கே தெரியாததால் அந்த ஜெபம் பொதுப்படையாக இருந்தது.

சாந்தி மேரிதான் வாயைத் திறந்தாள். கத்தியைத் தட்டிக்கொண்டு, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். "விடுங்கடி, பாவம். மொதலாளிக்கு இந்த வருஷம் யாவாரம் டல்லாம். பணத்துக்குத் தட்டுப்பாடுன்னு பேசிக்கிறாங்க. அவரப்போயி எதுக்குப் போட்டு இழுக்குறீங்க."

பத்து ஊர்த் தோப்புக்காரர்கள் நிற்கிற இடத்தில் இப்படி ஒரு சொல். குருநாதனின் கால் நின்றது.

"ஒன்னு இருவது" என்றார், கொடிமரமே அதிரும்படி.

ஆனி இரண்டு கைகளையும் குவித்தாள். "சூசையப்பரு ஒங்களுக்குத்தான் குடுக்கணும்னு இருக்காரு மொதலாளி. எடுத்துக்கங்க. நல்லாருப்பீங்க."

மரியசூசை மூன்று தரமும் சொல்லி முடித்தார். ஆல்பர்ட் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். போயிற்று, பெண்டாட்டி உழைப்பு போயிற்று என்று அவன் நெஞ்சைத் தடவிக்கொண்டிருக்கையில், செபஸ்டின் சாமியின் முகம்தான் முதலில் மாறியது. வேதசாஸ்திரம் படித்தவர், கணக்கு வர நேரமாயிற்று. வந்ததும் மைக்கை எடுத்தார்.

"அன்பான இறைமக்களே, பங்குப் பேரவைத் தீர்மானப்படி இந்த வருஷ ஏலப் பணம் முழுசும், நம்ம பொண்ணுங்க நடத்தப்போற முந்திரிக் கொட்டகைக்குப் போகுது. இதுல ஒரே ஆளா ரெண்டு டிரம்மு வெலையக் குடுத்த நம்ம குருநாதனுக்கு..." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. சிரிப்பை இருமலாக மாற்றப் பார்த்தார், மைக் அதையும் ஊருக்குச் சொல்லிவிட்டது.

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. குருநாதன் காரிலிருந்து பணப்பையைக் கொண்டுவரச் சொல்லி டிரைவரை அனுப்பிவிட்டு, ஆனியை நிதானமாகப் பார்த்தார். கோபம் வருமா என்று ஊர் காத்திருந்தது. அவருக்கு வந்தது சிரிப்பு. வயிறு குலுங்கி, கண்ணில் தண்ணீர் வந்து, துண்டால் துடைத்துக்கொண்டார்.

"பதினாலு வருஷம் எங்கொட்டகைல ஒக்காந்து நீ கொட்டைய மட்டுந்தான் ஒடைச்சேன்னு நெனச்சிட்டு இருந்தேன் ஆனி."

"நீங்க கூலி குடுத்தது அதுக்கு மட்டும்தானுங்களே."

பந்தியில் அவரை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். சாந்தி மேரி குழம்பு ஊற்றினாள். "என்னம்மா, ஒன்னு இருவது குடுத்தவனுக்கு எலும்பா போடுற?" என்றார். "அது நேர்ச்ச எலும்புங்க, கடிச்சாதான் புண்ணியம்" என்று அவள் அடுத்த இலைக்குப் போனாள். கை கழுவும் இடத்தில் சாமி அவளைப் பிடித்து, "நீ சொன்னது பொய்யில்லையா சாந்தி?" என்று கேட்டார். "யாவாரம் டல்லுன்னு பேசிக்கிறாங்கன்னுதான சாமி சொன்னேன். நானும் ஆனியும் பேசிக்கிட்டோம். வேணும்னா சனிக்கெழம பாவசங்கீர்த்தனத்துல சொல்லிப்புடுறேன்."

சந்தோஷம் மூன்று நாள் நீடித்தது. நாலாம் நாள் மேற்கே மேகம் கட்டியது.

பணம் ஞாயிற்றுக்கிழமைதான் கைக்கு வரும். பண்ருட்டியில் புது டிரம் இரண்டு செய்து அனுப்பப் பதினைந்து நாளாவது ஆகும். கோடை மழை விழுந்தால் வீட்டில் குவிந்திருக்கும் கொட்டை புழுங்கிப் பூசணம் பூத்துவிடும். அது மற்றவர்களின் கொட்டை. ஆனி வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பதும் உள்ளே போய் மூட்டைக்குள் கையை விட்டுப் பார்ப்பதுமாக இருந்தாள். ஏலத்தில் ஜெயித்தது சரி, இந்த வாரத்தை எப்படி ஜெயிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் குருநாதனின் மினி வேன் வந்து நின்றது. பின்னால் டிரம், அதன் கழுத்தில் வாடிய சம்பங்கி. பக்கத்தில் கொட்டை மூட்டைகள்.

"இந்தப் பக்கம் ஒரு சோலியா வந்தேன்" என்றார் குருநாதன்.

"வாங்க, ஒக்காருங்க" என்று ஆனி வாசலிலேயே நாற்காலியைப் போட்டாள். சுகன்யா கதவுக்கு நடுவில் வந்து நின்றுகொண்டாள், உள்ளே இருக்கும் குவியல் தெரியாதபடி.

"புது டிரம்மு எப்ப வருது?"

"வந்துரும். ஒன்னும் அவசரமில்ல."

"ஆனி, மழ வர்ற மாதிரி இருக்கே, உள்ள இருக்க கொட்ட..." என்று ஆரம்பித்தான் ஆல்பர்ட்.

"ஏங்க, மொதலாளிக்கு ஒரு டீ வாங்கிட்டு வாங்களேன்."

"இங்கயே போட்டா..."

"கடை டீதான் அவருக்குப் புடிக்கும்."

அவன் போனதும் குருநாதன் தொண்டையைச் செருமினார். "நம்ம டிரம்மு நல்லா வேல செய்யுது. என்னா, எங்காளுங்க வேற சோலில இருக்காங்க. சும்மா நிக்கிதேன்னு பாத்தேன். நீங்க எங்கொட்டைய வேக வச்சுக் குடுத்தா, மூட்டைக்கு இவ்வளவுன்னு..."

"ஒரு கை காட்டுங்க. இதுல வெந்தத பாக்கணும்."

குருநாதன் தயங்கினார். பிறகு சட்டைப் பையிலிருந்து எடுத்தார். எல்லாம் நொறுங்கல். ஒரு பக்கம் வேகவே இல்லை, மறுபக்கம் கருகல். அதை முழுப்பருப்பு என்று விற்க அவராலேயே முடியாது, ஜில்லாவில் வேறு யாராலும் முடியாது.

சாந்தி மேரி எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தான் வேல செய்யுது."

"சரி சரி, குத்தாத. மூட்டைக்கு எரநூறு தரேன்."

"அஞ்சூறு" என்றாள் ஆனி.

"அஞ்சூறா? அதுக்கு நான் கொட்டைய அவுச்சே தின்னுருவேன்."

"அவிக்கத் தெரிஞ்சா தின்னுக்கங்க."

தூரத்தில் ஓர் இடி உருண்டது. ஆனியின் கண் வானத்துக்குப் போகப் பார்த்தது, அவள் விடவில்லை. குருநாதனும் தன் மூட்டைகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் நேரமில்லை. இரண்டு பேரும் அடுத்த மாசம்வரைக்கும் உட்கார்ந்திருக்கப் போகிறவர்கள் மாதிரி சாவகாசமாகப் பேசினார்கள். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. முந்நூறு என்றார். நானூற்றைம்பது என்றாள். வறுசட்டி விலை என்ன தெரியுமா என்றார். வறுசட்டிக்கே போங்களேன் என்றாள். டீ வந்தது. டீ ஆறியது.

"முந்நூத்தி அம்பது. அதுக்கு மேல ஒரு பைசா கெடையாது" என்றார்.

"சரி, முந்நூத்தி அம்பது. டிரம்மு இங்கதான் நிக்கும், சீசன் முடியறவரைக்கும். எங்க கொட்டையும் இதுலதான் வேவும். அதுக்கு வாடக கேக்கக் கூடாது."

"இது என்னா நாயம்? என் டிரம்மு."

"எங்க அடுப்பு, எங்க வெறகு, எம்பொண்ணு பாக்குற முள்ளு. முள்ளப் பாக்கத் தெரியாமதான ஒங்க மூட்டையெல்லாம் நொறுங்கல் ஆச்சு."

குருநாதன் சுகன்யாவைப் பார்த்தார். "காலேஜு போறியாமே, பாப்பா?"

"ஜூன்லேருந்து அங்கிள். காலைல ஏழு மணி பஸ். வந்துதான் முள்ளு பாப்பேன்."

"படி, படி. அப்பறம் இவங்ககிட்ட கணக்கெழுத வராத, எங்கிட்ட வா. எனக்கு ஒரு ஆளு வேணும்." எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார். "எறக்குங்கப்பா டிரம்ம."

பன்னிரண்டு பெண்களும் எங்கிருந்தோ வந்துவிட்டார்கள். கொட்டகைக்குக் கூரை இன்னும் வரவில்லை என்பதால் ஆல்பர்ட் லோடு ஆட்டோவின் தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டு வந்து மேலே கட்டினான். இந்தத் தடவை எங்கே கட்ட வேண்டும் என்று மூன்று பேரிடம் கேட்டுக்கொண்டான். விறகை அள்ளிப் போட்டு அடுப்பை மூட்டினார்கள். வீட்டுக்குள்ளிருந்து மூட்டைகள் கைமாறிக் கைமாறி வெளியே வந்தன. முதல் மூட்டை வரும்போதே குருநாதனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பத்தாவது மூட்டைக்கு அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இத்தன உள்ள வச்சுக்கிட்டா அவசரமில்லன்ன?"

"நீங்க அத்தன நொறுங்கல வச்சுக்கிட்டுதான சோலியா வந்தேன்னீங்க?"

தார்ப்பாயில் முதல் மழைத்துளிகள் படபடவென்று விழுந்தன. சுகன்யா முள்ளைப் பார்த்து, கையைத் தூக்கினாள். குழாயிலிருந்து வெள்ளையாக ஆவி சீறியது. வெந்த கொட்டையின் வாசனை மழை வாசனையோடு கலந்து எழுந்தது. பெண்கள் சிரித்துக்கொண்டே முறங்களை நீட்டினார்கள். சாந்தி மேரி வெந்த கொட்டை ஒன்றை வெறுங்கையில் எடுத்து உருட்டிப் பார்த்தாள். கை எரியவில்லை. இன்னொன்றையும் எடுத்து உருட்டினாள்.

"எம்மூட்ட எப்ப ஏறும்?" என்றார் குருநாதன்.

"தோப்புக்காரங்க கொட்ட முன்னாடியே வந்துருச்சு. அதுதான் மொதல்ல. ஒங்களுது நாளைக்கு."

அவர் வேனில் ஏறி உட்கார்ந்தார். மழை வலுத்தது. கண்ணாடியை இறக்கி, பதினாலு வருஷமாக ஒவ்வொரு சாயங்காலமும் கேட்ட கேள்வியை வாய் தவறிக் கேட்டுவிட்டார். "நாளைக்கு எத்தன மணிக்கு ஆனி வர்ற?"

ஆனி முறத்தை உதறிக்கொண்டே சொன்னாள். "எட்டு மணிக்கு வந்துருங்க. லேட்டானா மூட்ட அடுத்த நாளைக்குத்தான் ஏறும்."

குருநாதன் வேனில் இருந்த தன் மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏழரைக்கே வந்துர்றேன்" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.